கட்டாது

வெங்காய மண்டியில் ஒரு வசதி உண்டு. யார் அழுதாலும் யாரும் காரணம் கேட்பதில்லை. மூட்டை பிரிப்பவர்கள், தரம் பார்ப்பவர்கள், எடை போடுபவர், கொள்முதலுக்கு வந்தவர் என்று காலை முழுக்க எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் வியாபாரம் செய்வார்கள். கல்லுக்கை அக்கா அந்த வருஷம் எத்தனை நாள் உண்மையாகவே அழுதாள் என்பது எங்கள் வரிசையில் ஒருவருக்கும் தெரியாமல் போனது அதனால்தான். எனக்கு எதிர்வாடையில் உருளைக்கிழங்கு மண்டி. உருளைக்கிழங்கு யாரையும் அழ வைக்காது. அதனாலேயே எங்களுக்குக் கொஞ்சம் மரியாதை குறைவு.

எங்கள் வரிசையில் விலையை வாயால் சொல்வதில்லை. விற்கிறவரும் வாங்குகிறவரும் எதிரெதிரே நின்று கையைக் கோத்துக்கொள்வார்கள். மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். துண்டுக்குள் விரலை முழுசாகப் பிடித்தால் ஒரு விலை, நுனியை அழுத்தினால் ஒரு விலை, உள்ளங்கையைச் சுரண்டினால் ‘போய் வேலையைப் பார்’ என்று அர்த்தம். சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்துக் கடைக்காரன் என்ன விலைக்கு விற்றான் என்று தெரியாமல் இருப்பதில்தான் எங்கள் எல்லோருடைய தூக்கமும் இருக்கிறது.

விரல் என்ன வேண்டுமானாலும் சொல்லும். கைதான் உண்மை பேசும். அவசரமாகத் தள்ளிவிட வேண்டிய சரக்கு இருந்தால் உள்ளங்கை வேர்க்கும். சரக்கின் மேல் ஆசை வந்துவிட்டால் மணிக்கட்டில் நாடி குதிக்கும். அதைப் படிக்கிறவன்தான் வியாபாரி. அக்காவின் கையில் மட்டும் படிக்க ஒன்றும் இருக்காது. பின்னால் சரக்கு அழுகிக்கொண்டிருந்தாலும் அந்தக் கை குளிர்ந்து, உலர்ந்து, ஆற்றில் எடுத்த கல் மாதிரி கிடக்கும். அதனால் கல்லுக்கை. ஊர் ஊராகச் சரக்கு எடுத்துப் போகிற மொத்த வியாபாரி ஒருவர் இருந்தார். அவரை மீசை என்று கூப்பிடுவோம். “அந்தக் கையைப் பிடிக்கிறதுக்குச் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கலாம். சுவராவது மழைக்கு ஈரம் காட்டும்” என்று திட்டிக்கொண்டே ஒவ்வொரு முறையும் அவளிடம்தான் வந்து நிற்பார்.

அக்காவின் புருஷன் மண்டிக்காரர், சாது. எடை போடுவார், வண்டி பிடிப்பார், மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பார். துண்டுக்குள் மட்டும் கையை விடமாட்டார். “எனக்கு முகத்துலயே எல்லாம் தெரிஞ்சிடும், கையில தெரியாதா” என்பார். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை, மாடி அறையில் ஜன்னல் பக்கம் யார் படுப்பது என்று அவளோடு துண்டு போட்டுப் பேசித் தோற்றாராம். ஜன்னல் பக்கம் அன்றிலிருந்து அவளுடையது.

அந்த வருஷம் அவளுக்கு வந்த ஒரு காலையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மண்டியில் வெளிச்சம் வருவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். அதனால் ஒருத்தி தூங்காமல் இருக்கிறாள் என்றால் சுறுசுறுப்பு என்றுதான் பேர். அன்றைக்கு முதல் லாரி வந்தது. டிரைவர் வாயைத் திறந்து ஒரு விலை சொன்னார். எல்லோரும் முதலில் சொல்லுகிற, யாரும் கொடுக்காத விலை. அக்கா துண்டைக்கூட எடுக்காமல், “சரி, இறக்குங்க” என்றாள். அந்த ஆள் பயந்துபோய், தான் வேறு ஏதாவது சரக்கை மாற்றி ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோமோ என்று ஏறிப் பார்த்தார்.

அடுத்த லாரி. அதற்கு அடுத்தது. வந்ததையெல்லாம் வாங்கினாள். டிரைவர்கள் ஒவ்வொருவரையும் பெற்ற பிள்ளை மாதிரி விசாரித்தாள். “எங்கிருந்து வர்றே? சாப்பிட்டியா? இன்னைக்கு யாரும் கொண்டு வந்ததைத் திருப்பி எடுத்துட்டுப் போகக் கூடாது.” முகம் அப்படி ஒளிவிட்டது. அவ்வளவு அழகாக அவளை நாங்கள் பார்த்ததில்லை. என் உருளைக்கிழங்கையும் வாங்கினாள். மதியத்துக்குள் மூட்டைகள் மண்டியை விட்டுக் கூரைக்கு வெளியே தெருவுக்கு வந்துவிட்டன. அப்புறம் மழை வந்தது. நின்று நிதானமாக, வேறு வேலை இல்லாத மழை. அக்கா அந்த மழையில் மூட்டை மூட்டையாகத் தொட்டு ஒவ்வொன்றிடமும் பேசிக்கொண்டே நடந்தாள். அவளைப் பிடித்து உள்ளே கொண்டுவர மண்டிக்காரருக்கும் எனக்கும் மூட்டை தூக்குகிறவர்கள் இரண்டு பேருக்கும் சாயங்காலம் ஆகிவிட்டது. அழுகிய வெங்காய நாற்றம் அடுத்த சீசன் வரை தெருவை விட்டுப் போகவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பி வந்தபோது உடம்பு பருத்திருந்தது, பேச்சு மெலிந்திருந்தது. தூக்கம் வந்தது. அழுகை போனது. கை மட்டும் நடுங்க ஆரம்பித்தது. மாத்திரையால் வருகிற நடுக்கம். காற்று இல்லாத நேரத்திலும் ஆடுகிற இலை மாதிரி, மெல்ல, நிற்காமல். டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பாள்.

மறுபடி மண்டியில் உட்காரட்டும் என்று டாக்டர் சொன்னதும் மண்டிக்காரர் அவளைப் பழைய மர ஸ்டூலில் பழைய துண்டோடு உட்கார வைத்தார். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் வரிசை முழுக்க வந்து, ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று, தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

“அவ என்ன விலை சொன்னாலும் சரின்னு கையை அழுத்திடுங்க. வாதம் பண்ணாதீங்க. டென்ஷன் ஆகக் கூடாதாம். உண்மையான விலையை நாம அப்புறம் பின்பக்கம் பேசிக்கலாம்.”

உண்மையான விலை என்றார். மனுஷன் எதையும் யோசிக்காமல் சொன்ன வார்த்தை. நாங்களும் யோசிக்கவில்லை. தலையாட்டினோம். வாழ்நாளெல்லாம் ஒருவனுக்கொருவன் விட்டுக்கொடுக்காத இருபது கடைக்காரர்கள் ஒரே குரலில் ஒரு பெண்ணுக்கு விட்டுக்கொடுத்தோம். எங்களைவிட நல்லவர்கள் இல்லை என்று நினைத்துக்கொண்டோம்.

தெருக்கோடியில், தையல் கடைக்கு மேல் மாடியில், மனநல மையம் இருந்தது. அங்கிருந்து வாரத்துக்கு ஒரு நாள் அக்காவைப் பார்க்க ஒரு அம்மா வருவாள். முன்பு பஸ் கண்டக்டராக இருந்தவள். அவளும் ஒரு காலத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தவள்தான். அந்த அனுபவத்துக்காகவே வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மண்டிக்காரர் என்னிடம் வந்து புலம்பினார்.

“டாக்டரை அனுப்புவாங்கன்னு பார்த்தா நோயாளியை அனுப்பறாங்கப்பா.”

இதை அவள் காதுபடவே சொல்லிவிட்டார். அந்த அம்மா கோபப்படவில்லை. பன்னை டீயில் முக்கிக்கொண்டே, “அண்ணே, மேப் பார்த்தவன் வழி சொல்றதும் அந்த வழியா போய் மாட்டிக்கிட்டு வந்தவ சொல்றதும் ஒண்ணா? டாக்டர்கிட்ட மேப் இருக்கு. எனக்கு எங்க பள்ளம்னு தெரியும். ரெண்டு பேரும் வேணும்” என்றாள். அப்புறம் இன்னொரு பன் கேட்டாள். நல்ல சாப்பாட்டு ஆள். பேச்சும் அப்படித்தான், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டியும் போய்க்கொண்டிருக்கும். அக்காவை ஸ்டூலில் பார்த்துவிட்டு, “பாத்தீங்களா, வேலைக்கு வந்துட்டாங்க, இதுதான் வேணும்” என்று மண்டிக்காரரைப் பாராட்டிவிட்டுப் போனாள். பின்பக்க வியாபாரம் அவளுக்குத் தெரியாது. அவள் மேல் தப்பில்லை.

இப்படியே ஒரு சீசன் போனது. அக்கா விலை சொல்லுவாள், எதிராளி கையை அழுத்துவார், முடிந்தது. முன்பெல்லாம் ஒரு லாரிச் சரக்குக்கு டீ இரண்டு முறை ஆறும். இப்போது துண்டு விரித்த சூட்டில் மடிந்தது. ஒவ்வொரு முறையும் துண்டை எடுத்த பிறகு அக்கா தன் கையை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருப்பாள், யாரோ அதில் எதையாவது வைத்துவிட்டுப் போனது போல.

மழை மாசம் தொடங்குகிற ஒரு காலையில் மீசை வந்தார். அக்கா காலடியில் ஒரு மூட்டை திறந்து கிடந்தது. முளைவிட்ட வெங்காயம், பாதி கறுப்பு, தொட்டால் விரல் உள்ளே போகும். மாட்டுக்குப் போடத் தனியாக எடுத்து வைத்தது. அதைக் காட்டினாள்.

“இதுக்கு என்ன தர்றே?”

மீசை மண்டிக்காரரைப் பார்த்தார். மண்டிக்காரர் தராசைப் பார்த்தார். துண்டு விழுந்தது. உள்ளே அக்கா கேட்ட விலை, பின்னால் தெரிந்தது, அந்த வருஷத்தின் முதல் தரச் சரக்குக்கும் யாரும் கேட்காத விலை. மீசை மூட்டையைக் குனிந்துகூடப் பார்க்காமல் கையை அழுத்தினார்.

அக்கா கையை எடுக்கவில்லை. துண்டுக்கு மேலே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“ஏன் சரின்னே?”

“அக்கா...”

“என்கிட்ட எத்தனை வருஷமா சண்டை போட்டிருக்கே நீ? ஒரு நாள் துண்டைத் தூக்கி மூஞ்சியில எறிஞ்சியே, ஞாபகம் இருக்கா? இன்னைக்கு ஏன் சரின்னே?”

மீசைக்குப் பொய் வராது என்றில்லை. தொழிலே அதுதான். ஆனால் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டால் வராது. “கை ஆடுச்சுக்கா” என்றார். “பாவமா இருந்துச்சு.”

அக்கா துண்டை எடுத்தாள். உதறினாள். நான்காக மடித்தாள். மடிக்கும்போது கை நடுங்கியதால் ஓரம் சேரவில்லை. மறுபடி பிரித்து, மறுபடி மடித்து, ஓரம் சேர்ந்த பிறகு ஸ்டூல் மேல் வைத்துவிட்டு மாடிக்குப் போனாள்.

அதற்குப் பிறகு கீழே வரவில்லை. சாப்பாட்டுத் தட்டு போனபடி திரும்பி வந்தது. மாத்திரையை மட்டும் விழுங்கினாள். யாரோடும் பேச்சில்லை. ஜன்னல் பக்கத்தை விட்டு இந்தப் பக்கம் வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அதுதான் மண்டிக்காரரை உலுக்கிவிட்டது.

“ஜன்னல் பக்கத்தையே விட்டுட்டாப்பா” என்றார் என் கடையில் வந்து உட்கார்ந்து. உருளைக்கிழங்கு ஒன்றை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். “ஆரம்பிச்சிடுச்சு. போன தடவை மேல போச்சு, இந்தத் தடவை கீழ போகுது. மகளும் அதான் சொல்றா. நாளைக்கே ஆஸ்பத்திரியில சேத்துடலாம்னு இருக்கோம்.”

“கோவமா இருக்கலாம் இல்லையா?” என்றேன்.

“அவளுக்கு எதுக்குக் கோவம்? யாராவது ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினாங்களா இத்தனை நாளா?”

பதில் சொல்ல வாயெடுத்தேன். அந்த உருளைக்கிழங்கை அவர் பிடித்திருந்த பிடியைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். மழையில் நனைந்த மூட்டைகளை அவர் மறக்கவில்லை. நானும்தான். அவளைப் பிடித்து உள்ளே இழுத்தபோது அவர் மணிக்கட்டில் பதிந்த நகக்குறி இன்னும் வெள்ளையாக இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் மையத்துக்குச் சொல்லிவிட வேண்டும் என்று மகள்தான் போன் செய்தாள். கட்டிக்கொடுத்து வேறு தெருவில் இருப்பவள், அம்மாவுக்காக வந்து தங்கியிருந்தாள். மறுநாள் காலை, தூறலில், கண்டக்டரம்மா குடையோடு வந்தாள். மண்டிக்காரர் வாசலிலேயே மறித்தார்.

“பேச ஒண்ணுமில்லம்மா. பையெல்லாம் எடுத்து வச்சாச்சு. வண்டி சொல்லியிருக்கேன்.”

“போகணும்னா போகலாம் அண்ணே. ஆஸ்பத்திரி ஒண்ணும் ஜெயில் இல்ல, நானே ரெண்டு தடவை என் காலால நடந்து போயிருக்கேன். வண்டி வர்ற வரைக்கும் கொஞ்ச நேரம் மேல உட்கார்ந்துட்டு வரேன்.”

“சாப்பிடலை, பேசலை...”

“தூங்கறாங்களா?”

“தூங்கறா.”

“மாத்திரை?”

“அது போடறா.”

“அப்ப வண்டி கொஞ்சம் நிக்கட்டும்” என்று படியேறிவிட்டாள்.

மாடி அறைக்கும் படிக்கும் நடுவில் பலகைத் தடுப்புதான். மண்டிக்காரரும் நானும் ஒட்டுக் கேட்டோம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டேன். படியில் உட்கார்ந்திருந்தோம். காது எங்களோடுதான் இருந்தது.

கண்டக்டரம்மா பேசாமல் இருப்பதை அன்றுதான் கேட்டேன். அப்புறம் அவளுடைய குரலே முதலில் வந்தது.

“நான் கடைசியா வேலைக்குப் போன அன்னைக்கு என்ன பண்ணேன் தெரியுமா அக்கா? நடு ரோட்டுல விசிலடிச்சு பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கி விட்டுட்டேன். அடுத்த ஸ்டாப்பே இல்லன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. உலகத்துலயே எனக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம். ஒரு வயசானவர் இறங்க மாட்டேன்னாரு. அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டு இறக்குனேன். எல்லாரையும் காப்பாத்திட்டேன்னு ஒரு சந்தோஷம் பாருங்க...”

கட்டில் அசைந்தது.

“இன்னைக்கும் அந்த பஸ்ல ஏறினா அந்த இடம் வர்றப்ப வெளிய பாப்பேன். அந்தச் சந்தோஷம் அங்கயே எங்கயாவது நிக்குதான்னு. டாக்டர்கிட்ட இதைச் சொன்னா மாத்திரையைக் கூட்டிடுவாரோன்னு சொல்லல. உங்ககிட்டதான் சொல்றேன்.”

அப்போதுதான் அக்கா பேசினாள். பல நாள் பூட்டிய கதவு திறப்பதுபோல் குரல் முதலில் கரகரத்தது.

“எனக்கும் இருக்கும்மா. அந்தக் காலைல ஒவ்வொரு லாரியும் எனக்காகவே வந்த மாதிரி இருந்துச்சு. யாரைப் பார்த்தாலும் பாசம். உலகத்துல ஒருத்தருக்கும் ஒருத்தர்கிட்டயும் பயமில்ல. அந்த மாதிரி ஒரு காலை இனிமே எனக்கு வராது. வரக் கூடாதுன்னும் தெரியும். தெரிஞ்சா ஆசை விட்டுடுமா?”

என் பக்கத்தில் மண்டிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

“சரி, அது போகட்டும்” என்றாள் கண்டக்டரம்மா. “இப்ப உங்களுக்கு என்ன வேணும்? வீட்டுக்காரருக்கு என்ன வேணும்னு கேட்டாச்சு, மகளுக்கு என்ன வேணும்னு கேட்டாச்சு, டாக்டர் என்ன சொல்வாருன்னு எனக்கே தெரியும். உங்களுக்கு?”

“என்ன கேட்டாலும் சரின்றாங்கம்மா.”

“அது நல்லதுதானே?”

“நல்லதா? நீ டிக்கெட் கேக்கற. பஸ்ல இருக்கற அத்தனை பேரும் உன்னைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே வெத்துக் காகிதத்தை நீட்டறான். நீயும் கிழிச்சுக் கொடுக்கற. டிரைவர்லருந்து எல்லாருக்கும் தெரியும், அந்த பஸ் ஓடலைன்னு. எத்தனை நாள் நிப்ப?”

கண்டக்டரம்மாவுக்குப் பின்பக்க வியாபாரம் அப்போதுதான் புரிந்தது. “அய்யய்யோ” என்றாள். “நான் வேற அவரைப் பாராட்டிட்டுப் போனேனே.”

“ஒருத்தன், ஒரே ஒருத்தன் என்கிட்ட ‘கட்டாது’ன்னு சொல்லட்டும். அது போதும் எனக்கு. எத்தனை மாசமாச்சு தெரியுமா அந்த வார்த்தையைக் கேட்டு? இந்த விலைக்கு எனக்குக் கட்டாது, வேற ஆளைப் பாருன்னு. எதிர்ல நிக்கறவ ஒரு வியாபாரின்னு நினைச்சாத்தானே அதைச் சொல்லுவான்? பைத்தியத்துக்கிட்டயும் குழந்தைகிட்டயும்தான் எல்லாத்துக்கும் சரிம்பாங்க.”

மண்டிக்காரர் எழுந்துவிட்டார். நான் அவர் வேட்டியைப் பிடித்து உட்கார வைத்தேன்.

உள்ளே கண்டக்டரம்மா மெதுவாகக் கேட்டாள். “ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அவங்க பயப்படறதும் பொய்யில்லையே? மறுபடி அப்படி ஒரு காலை வந்தா? வர்றதுக்கு முன்னாடி ஏதாவது தெரியுமா உங்களுக்கு? எனக்குத் தெரியும். பாட்டு எல்லாம் எனக்காகவே பாடற மாதிரி கேக்க ஆரம்பிச்சா, உடனே மையத்துக்கு ஓடிடுவேன். உங்களுக்கு என்ன?”

அக்கா யோசித்தாள்.

“தூக்கம் போகும். ஆனா இங்க யாருதான் தூங்கறா...” நிறுத்தினாள். பிறகு, தனக்கே சொல்வதுபோல, “பேரம் பேச மாட்டேன்” என்றாள்.

“என்ன?”

“அன்னைக்கு ஒரு லாரிக்கும் நான் பேரம் பேசல. அதுக்கு முன்னாடி ஒரு வாரமாவே. பால்காரன் சொன்னதைக் கொடுத்தேன், காய்காரி சொன்னதைக் கொடுத்தேன். பேசத் தோணல. எல்லாரும் நல்லவங்களாத் தெரிஞ்சாங்க.” குரல் எழும்பியது. “நான் பேரம் பேசறவரைக்கும் எனக்கு ஒண்ணுமில்லம்மா. சொன்ன விலையைக் கொடுத்தேன்னா, அன்னைக்கு என் துண்டைப் பிடுங்கட்டும். வண்டியைக் கூப்பிடட்டும், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆனா அதுக்கு, நான் பேரம் பேசறேனா இல்லையான்னு பாக்க, எதிர்ல ஒருத்தன் பேசணுமே! இவங்க எல்லாத்துக்கும் சரின்னா எப்படித் தெரியும்?”

பலகைக்கு இந்தப் பக்கம் மண்டிக்காரர் ஒரு மாதிரியாக மூச்சுவிட்டார். பால்காரன் அவருக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அந்த வாரம் பால்காரன் அவரிடம் வந்து, “அக்காவுக்கு உடம்பு சரியில்லையா, நான் சொன்னதை அப்படியே கொடுத்துட்டாங்க” என்று கேட்டதையும், இவர் சிரித்துக்கொண்டு அனுப்பியதையும் பிறகுதான் எனக்குச் சொன்னார்.

கண்டக்டரம்மா கதவைத் திறந்தாள். படியில் எங்களைப் பார்த்து ஆச்சரியப்பட்டதாகக்கூடக் காட்டிக்கொள்ளவில்லை.

“கேட்டுட்டீங்க இல்ல? அப்ப நான் திருப்பிச் சொல்ல வேணாம். நீங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்க அண்ணே. அவங்க எவ்வளவு பாத்துக்கறது, நீங்க எவ்வளவு பாத்துக்கறது, எப்ப நீங்க குறுக்க வரலாம், எப்ப வரக் கூடாதுன்னு. அவங்க நல்லா இருக்கறப்பவே பேசி வச்சுக்கணும். டாக்டர்கிட்ட நான் வந்து சொல்றேன்.”

“அவ மண்டிக்கு வரட்டும், உட்காரட்டும், ஆனா வியாபாரம் மட்டும்...” என்று மண்டிக்காரர் ஆரம்பித்தார்.

“துண்டு எங்க?” என்றாள் அக்கா.

கலைந்த தலையோடு கதவில் நின்றாள். முகம் வீங்கியிருந்தது. மகள் பின்னால் வந்து, “அம்மா, முதல்ல கொஞ்சம் சாப்பிடு” என்றாள். “வந்து சாப்பிடறேன்டி” என்று படியிறங்கினாள்.

கீழே மண்டியில் வியாபார நேரம். ஒரு லாரி பாதி இறக்கி நின்றது. தரம் பிரிக்கிற பெண்கள் சிவப்புத் தோல் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். மீசையும் வந்திருந்தார், தூண் ஓரமாக, பரீட்சையில் காப்பியடித்து மாட்டியவர் மாதிரி. ஸ்டூல் மேல் நான்காக மடித்த துண்டு அவள் வைத்தபடியே இருந்தது. யாரும் தொடவில்லை. அக்கா அதை எடுத்து உதறினாள்.

“கையைக் கொடுங்க முதலாளி.”

“நானா?” என்றார் மண்டிக்காரர்.

“வேற யாரோட வாழ்றேன் நான்?”

பெண்கள் சிரித்தார்கள். மண்டிக்காரர் கையை வேட்டியில் துடைத்துவிட்டு நீட்டினார். துண்டு விழுந்தது. “ஒரு நாளைக்கு எத்தனை லாரி என் பொறுப்புல விடறீங்க?” என்று அவள் கேட்டதில் பேரம் எதுவென்று எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. எத்தனை விரல் என்பது மட்டும் தெரியாது.

துண்டு ஒரு முறை அசைந்தது. மண்டிக்காரர் உடனே, “சரி” என்றார்.

அக்கா துண்டைப் பிடுங்கித் தரையில் போட்டாள். “பாத்தீங்களா! பாத்தீங்களா! இதுக்குத்தான் நான் மேலயே படுத்திருந்தேன்.” கண் நிறைந்துவிட்டது. “வந்த எல்லா லாரியும் எனக்கு வேணும்னு கேட்டேன்யா நான்! மறுபடி எல்லாத்தையும்! அதுக்குமா சரி? நான் என்ன கேட்டாலும் சரின்னா, நான் இங்க இல்லன்னு அர்த்தம்.”

மண்டிக்காரர் குனிந்து துண்டை எடுத்தார். ஒட்டியிருந்த வெங்காயத் தோலைத் தட்டினார். ரொம்ப நேரம் தட்டினார். பிறகு அவரே அவள் கையைப் பிடித்து, அவரே துண்டைப் போட்டார்.

இந்த முறை துண்டு நெடுநேரம் அசைந்துகொண்டிருந்தது. பெரும்பாலும் அவள் நடுக்கம். நடுவில் அவருக்குக் குழம்பிவிட்டது.

“இது விரலா, நடுக்கமா?”

“நீங்கதான் படிக்கணும்.”

“முன்னாடி கல்லு மாதிரி இருந்து உசிரை எடுத்தே. இப்ப இப்படி எடுக்கறே.”

தூண் ஓரத்திலிருந்து மீசை, “அண்ணே, எப்பவும் ஆடற கையில ஆசையும் தெரியாது, பயமும் தெரியாது. இது கல்லைவிட மோசம். நான் அன்னைக்கே பேரம் பேசித் தோத்திருக்கணும்” என்றார்.

“உன் கணக்கு அப்புறம் இருக்கு” என்றாள் அக்கா, திரும்பாமலே.

மண்டிக்காரர் ஏதோ கொடுத்தார். அவள் உதட்டைப் பிதுக்கினாள். அவள் ஏதோ கேட்டாள். அவர் புருவத்தை உயர்த்தினார், இறக்கினார், வானத்தைப் பார்த்தார். வியாபாரியாக நடிக்கவில்லை. யோசித்தார். யோசிக்க யோசிக்க முகத்தில் ஒரு மாற்றம் வந்தது. எதிரில் நிற்பவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் இழுக்கிறாள், தள்ளுகிறாள், விடமாட்டேன் என்கிறாள், கேட்டதில் பாதிக்கு வர மறுக்கிறாள். பால்காரனுக்குக் கேட்டதைக் கொடுத்தவள் இவள் இல்லை. அதை அவர் கை கண்டுகொண்ட நேரம் தள்ளி நின்ற எனக்கே தெரிந்தது. தோள் இரண்டும் இறங்கின.

திடீரென்று துண்டிலிருந்து கையை உருவினார்.

“கட்டாது!”

அவ்வளவு சத்தமாக அவர் பேசி நாங்கள் கேட்டதில்லை. “அத்தனை லாரிக்கு எனக்குக் கட்டாது. பயந்து சாகறதுக்கு என்னால முடியாது. இஷ்டமிருந்தா குறைச்சுக்க, இல்லன்னா வேற மண்டியைப் பாரு!”

தரம் பிரிக்கிற பெண்களின் கை அப்படியே நின்றது. மகள் படியில் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்டக்டரம்மா கையிலிருந்த பன் பாதியில் நின்றது.

அக்கா அவரைப் பார்த்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. மண்டியில் யாரும் காரணம் கேட்கப்போவதில்லை. வாய் ஓரம் மட்டும் மெல்லத் திறந்து, பழைய சிரிப்பு, தோற்றவனைக் கூடுதலாகத் தோற்கடிக்கிற அந்தச் சிரிப்பு வந்தது.

“அப்ப வேணாம்” என்றாள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தாள்.

அந்த நடை எங்கள் வரிசையில் எல்லோருக்கும் தெரியும். வாங்க வந்தவர்கள் விலை படியாதபோது நடக்கிற நடை. அவசரமும் இருக்காது, தயக்கமும் இருக்காது. முதுகில் காது முளைத்திருக்கும். கூப்பிடுவார்கள் என்று தெரிந்து, கூப்பிடாமல் போனால் என்ன செய்வது என்றும் தெரியாமல் நடப்பது. லாரியைத் தாண்டினாள். குவியலைத் தாண்டினாள். மழைத் தண்ணீர் தேங்கிய இடத்தைச் சுற்றிக்கொண்டு போனாள். மாடிப்படி வந்தது. கைப்பிடியில் அந்த ஆடுகிற கையை வைத்து நின்றாள்.

மண்டிக்காரர் உடனே கூப்பிட்டுவிடவில்லை. மூட்டை ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். தராசை நிமிர்த்தினார். அவள் முதுகையே பார்த்துக்கொண்டு, சரக்கு வேண்டும் என்று காட்டிக்கொள்ளாதவன் எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டுமோ அவ்வளவு நேரம் பொறுத்தார். அவளுக்கு அவர் செய்த மரியாதைகளிலேயே பெரியது அதுதான் என்று நினைக்கிறேன்.

பிறகு கூப்பிட்டார்.

“இந்தாம்மா, போயிட்டே இருந்தா எப்படி? கடைசியா ஒரு விலை சொல்லிட்டுப் போ.”